வெற்றிலைக் கொடிக்கு வேண்டும் பால்மர நிழல்

நல்ல காரியம் எதுவானாலும் தட்டில் முதலில் வைப்பது வெற்றிலையைத்தான். நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் மாற்றுகிறோம். கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறோம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றினாலும், புதுமனை புகுந்தாலும், வீட்டில் ஒருவர் காலமானாலும் வெற்றிலை இல்லாமல் சடங்கு நடப்பதில்லை. மலாய்க்காரர்களின் திருமணத்திலும் வெற்றிலைத் தாம்பாளத்துக்குத் தனி மரியாதை உண்டு.

இத்தனை முக்கியமான இலையை இன்று நம்மில் பெரும்பாலோர் கடையில்தான் வாங்குகிறோம். பேராக் தோட்டப்புறங்களில் லயத்துக் கொல்லைகளில் ஏறிக் கிடந்த கொடி, தாமான் வீடுகளுக்கு வந்ததும் காணாமல் போய்விட்டது. "எத்தனை முறை நட்டாலும் பட்டுப் போகிறது, நமக்கு ராசி இல்லை" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பலர். ராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தோட்டத்தில் அந்தக் கொடிக்கு என்ன கிடைத்தது, தாமானில் என்ன கிடைக்காமல் போனது என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

தோட்டம் தந்த நிழல்

வெற்றிலை நம் தென்கிழக்காசிய வட்டாரத்துக் காடுகளின் இனத்தைச் சேர்ந்தது. மிளகுக் கொடிக்கு நெருங்கிய சொந்தம். பெரிய மரங்களின் அடியில், இலைகளின் ஊடே வடிந்து விழும் வெளிச்சத்தில், ஈரக் காற்றில், மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு ஏறுவது இதன் இயல்பு. உச்சி வெயிலை இது தாங்காது. வேரில் தண்ணீர் தேங்கினாலும் தாங்காது.

1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பது, பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த முதல் நடவின் மிச்சமாகப் போற்றப்படும் மரம் ஒன்று அவ்வூரில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பின்னர் பேராக் முழுவதும் பால்மரக் காடு பரவியது. அதில் பால் மரம் வெட்ட வந்த நம் மக்கள் லயத்துக்குப் பின்னால் கத்தரி, முருங்கை, கறிவேப்பிலை, வெற்றிலை என்று வைத்துக்கொண்டார்கள்.

லயத்து வாழ்க்கை சுகமானதல்ல. ஆனால் வெற்றிலைக் கொடிக்கு மட்டும் அந்த இடம் கச்சிதமாக அமைந்தது. சுற்றிலும் பால்மர நிழல். ஆண்டுதோறும் மரங்கள் இலை உதிர்க்கும் பருவத்தில் தரையில் குவிந்து மக்கும் சருகு. காலை வெகுநேரம் வரை விலகாத பனி ஈரம். ஏறிக்கொள்ள பாக்கு மரமோ முருங்கையோ வேலிக் கம்போ ஏதாவது ஒன்று. யாரும் தனியாகக் கவனிக்காமலேயே கொடி வளர்ந்தது.

1980-களிலும் அதற்குப் பின்னும் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகள் ஆயின. மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் பக்கமுள்ள தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். கையோடு ஒரு துண்டுக் கொடியைக் கொண்டுவந்தவர்களும் அதைச் சிமெண்டுத் தரை சூழ்ந்த வாசலில், பிற்பகல் வெயில் அடிக்கும் இடத்தில் வைத்தார்கள். நிழல் கூடவே வரவில்லை. தோட்டம் இலவசமாகத் தந்ததை இனி நாமே செய்து தர வேண்டும். இதுதான் வெற்றிலை வளர்ப்பின் மொத்த இரகசியம்.

எது வெற்றிலை?

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் காண வேண்டும். சந்தையில் 'காடோக்' என்ற பெயரில் ஓர் இலை விற்கிறது. வெற்றிலைக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும். இது உயரமாகப் பற்றி ஏறாது. தரையோடு படர்ந்து, விரல் நுனி அளவு வெள்ளைப் பூக்கதிரை நிமிர்த்திக் காட்டும். மலாய்ச் சமையலில் உண்ணக்கூடிய நல்ல கீரைதான், ஆனால் தாம்பூலத்துக்கு உரிய வெற்றிலை அல்ல.

வீட்டுக்குள் பாட்டிலில் வளர்க்கும் 'மணி பிளாண்ட்' வேறு வகை. இதய வடிவ இலையைப் பார்த்துக் குழந்தைகள் வெற்றிலை என்று நினைத்துவிடக் கூடும். அதை மென்றால் வாயும் தொண்டையும் அரித்து வீங்கும். இரண்டையும் அருகருகே வைக்காமல் இருப்பது நல்லது. சந்தேகம் வந்தால் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். வெற்றிலையின் கார வாசனை மணி பிளாண்டுக்குக் கிடையாது.

நம் நாட்டில் சிரே மெலாயு, சிரே சீனா, சிரே உடாங், இந்திய வெற்றிலை என்று வகை பிரித்துச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் கற்பூரம், பச்சைக்கொடி, வெள்ளைக்கொடி என்று வகைகள் உண்டு. சோழவந்தான் வெற்றிலையும் ஆத்தூர் வெற்றிலையும் 2023-லும், கும்பகோணம் வெற்றிலை 2025-லும் புவிசார் குறியீடு பெற்றன. ஒவ்வோர் ஊர் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஏற்ப இலையின் காரமும் மணமும் மாறும். வளர்க்கும் முறை மட்டும் எல்லா வகைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

விதை வேண்டாம், கொடி போதும்

வெற்றிலையை விதை போட்டு வளர்ப்பதில்லை. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. வீடுகளில் விதை கிடைப்பது மிக அரிது. பூவும் காயும் இல்லாமல் வெறும் இலையாகவே இருப்பதால்தான் வெற்றிலை என்ற பெயர் வந்தது என்று சொல்வாரும் உண்டு. எனவே இன்று நீங்கள் வாங்கி நடும் கொடி, எங்கோ ஒரு பாட்டி வீட்டில் இருந்த கொடியின் ஒரு துண்டு. அந்தக் கொடி அதற்கு முன்பிருந்த கொடியின் துண்டு. கைமாறிக் கைமாறி வந்த உயிர் அது. ஒரு வீட்டில் பட்டுப் போனால், பக்கத்து வீட்டில் இருந்தால்தான் மீண்டும் கிடைக்கும்.

துண்டு எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பக்கவாட்டில் தொங்கும் கிளையை ஒடித்து நட்டால் அது சரியாக ஏறாது. கம்பைப் பற்றி நேராக மேலே செல்லும் தண்டில், கணுக்களில் சிறு வேர்கள் தெரியும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு துண்டுக்கு மூன்று முதல் ஐந்து கணு போதும். சுத்தமான கத்தியால் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் இலைகளை நீக்கிவிட்டு மேலே ஒன்றிரண்டை மட்டும் விடுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கட்டும்.

தோட்ட மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு கலந்து சிறு பொலிபேக்கில் நடலாம். நல்ல நிழலில் வைத்து, மண் காயாதபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளியுங்கள். காற்று வறட்சியாக இருந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்க்கலாம். மூன்று நான்கு வாரங்களில் கணுவிலிருந்து துளிர் எட்டிப் பார்க்கும். அவசரப்பட்டுப் பிடுங்கி வேர் வந்ததா என்று பார்க்க வேண்டாம். புதிதாக நான்கைந்து இலை வந்தபின் நிரந்தர இடத்துக்கு மாற்றலாம்.

ஈப்போ மண்ணுக்கு ஒரு கவனம்

கிந்தா பள்ளத்தாக்கில் பல வீடமைப்புப் பகுதிகள் பழைய ஈய லம்பங்கள் இருந்த நிலத்தில் எழுந்தவை. ஈயம் அலசி எடுத்தபின் மிஞ்சிய மணலில் சத்து இல்லை, ஈரமும் நிற்பதில்லை. சில இடங்களில் இதற்கு நேர்மாறாகத் தண்ணீர் வடியாத சேற்றுக்களி இருக்கும். உங்கள் வீட்டு மண் எந்த வகை என்று அறிய ஒரு சாண் ஆழக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நொடியில் மறைந்தால் மணல். ஒரு மணி நேரம் கழித்தும் நின்றால் களி.

மணலாக இருந்தால் ஒன்றரை அடிக் குழி எடுத்து, மக்கிய எரு, இலைமட்கு, நல்ல மேல்மண் கலந்து நிரப்புங்கள். களியாக இருந்தால் குழி எடுப்பதே ஆபத்து, அது தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும். தரைக்கு மேல் அரை அடி முதல் ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி, அதன் மேல் நடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பதினான்கு அங்குலத்துக்குக் குறையாத பூச்சாடியில் வளர்க்கலாம். அடியில் துளைகள் அவசியம். சாடியின் கீழே தட்டு வைத்துத் தண்ணீரைத் தேக்கி வைத்தால் வேரும் அழுகும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். வீட்டு வளாகத்தில் கொசுப்புழு காணப்பட்டால் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

வெயில் எவ்வளவு?

நிழலை விரும்பும் கொடி என்றதும் இருட்டு மூலையில் கொண்டுபோய் வைத்துவிடுபவர்களும் உண்டு. அதுவும் தவறு. வெற்றிலைக்கு வேண்டியது சல்லடை நிழல். தரையைப் பார்த்தால் நிழலுக்கு நடுவே சிறுசிறு வெளிச்சப் பொட்டுகள் ஆட வேண்டும். பால்மரத்தின் கீழ் அப்படித்தான் இருக்கும்.

வீட்டின் கிழக்குப் பக்கம் சிறந்தது. காலை பத்து மணி வரை படும் இளவெயில் நன்மையே செய்யும். மேற்குப் பார்த்த வாசலில் பிற்பகல் வெயிலோடு சிமெண்டுத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் எழும் அனலும் சேர்ந்து கொடியை வாட்டும். வேறு இடம் இல்லையென்றால் பாதி வெளிச்சத்தை மறைக்கும் கறுப்பு வலையைக் கட்டுங்கள். மா, ரம்புத்தான் போன்ற மரம் இருந்தால் அதன் அடியே போதும்.

இடம் சரியா இல்லையா என்பதை இலையே சொல்லிவிடும். இலை சிறுத்து, தடித்து, மஞ்சள் பாய்ந்து, ஓரம் கருகினால் வெயில் அதிகம். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, இலை குறைந்தால் வெளிச்சம் போதவில்லை. சாடியாக இருந்தால் இரண்டடி நகர்த்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஒரேயடியாக இடம் மாற்றாமல், சில நாட்கள் இடைவெளி விட்டு நகர்த்துங்கள்.

பற்றிக்கொள்ள ஒரு கால்

தமிழ்நாட்டில் வெற்றிலைத் தோட்டத்தைக் கொடிக்கால் என்கிறார்கள். அங்கே முதலில் அகத்தியை விதைத்து வளர்த்துவிட்டு, பிறகுதான் அதன் அடியில் கொடியை நடுவார்கள். அகத்தி ஏறுவதற்குக் காலாகவும் நிற்கும், மேலே மெல்லிய நிழலும் தரும். ஒரே மரத்தில் இரண்டு வேலை. மலாய் மொழியிலும் வெற்றிலை ஏறும் கம்புக்கு 'ஜுன்ஜோங்' என்று தனிப் பெயரே இருக்கிறது.

கணுவில் வரும் சிறு வேர்கள் சொரசொரப்பான, ஈரம் பிடிக்கும் பரப்பைத்தான் பற்றும். வழவழப்பான பி.வி.சி. குழாயிலும் இரும்புக் கம்பியிலும் பற்றாது, வெயிலில் இரும்பு சுடவும் செய்யும். குழாய்தான் கிடைக்கிறது என்றால் தேங்காய் நாரை அதன் மேல் கெட்டியாகச் சுற்றிக் கட்டுங்கள். காலையில் தண்ணீர் ஊற்றும்போது அந்த நாரையும் நனைத்துவிடுங்கள். இடம் உள்ளவர்கள் அகத்தி, முருங்கை, பாக்கு மரங்களில் ஏற்றலாம். வீட்டுச் சுவரில் நேரடியாக ஏற்றினால் சாயம் கறைபடும், சுவர் ஈரம் கோக்கும்.

கொடி தானாக ஏறட்டும் என்று விட்டுவிடக் கூடாது. வளர வளர, ஒரு சாணுக்கு ஒரு கட்டு என்று வாழைநாராலோ பழைய துணிக் கிழிசலாலோ தளர்வாகக் கட்டி வாருங்கள். நைலான் கயிறு தண்டை அறுக்கும். கட்டாமல் தொங்கும் நுனி ஏறாது.

தண்ணீரும் எருவும்

ஈப்போவில் மழைக்குக் குறைவில்லை. அக்டோபர், நவம்பரில் கொட்டித் தீர்க்கும். ஜூன், ஜூலையிலும் ஆண்டின் தொடக்கத்திலும் மழை சற்றுக் குறையும். வெற்றிலையைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டு ஓரங்கள்தான். மழைக்காலத்தில் வேரடியில் தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் கீறிவிடுங்கள். காய்ச்சல் காலத்தில் காலையும் மாலையும் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒரு வாளியை ஒரேயடியாகக் கவிழ்ப்பதைவிட, இரண்டு வேளை ஒவ்வொரு செம்பு மேல். விரலை மண்ணில் ஓர் அங்குலம் நுழைத்துப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம்.

வேரடியில் காய்ந்த சருகை இரண்டு அங்குலம் பரப்பி வையுங்கள். பால்மரக் காட்டில் தரை எப்படி இருந்ததோ அப்படி. சருகு தண்டைத் தொடாமல் ஒரு கைப்பிடி தள்ளி இருக்கட்டும். மாதம் ஒருமுறை நன்கு மக்கிய ஆட்டெரு அல்லது மாட்டெரு இரண்டு கைப்பிடி போதும். கோழி எரு சூடு, நன்றாக மக்காமல் போட்டால் வேர் கருகும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை பெரிதாக வரும், ஆனால் நீர்த்துப் போய், நோய்க்குச் சுலபமாக இடம் கொடுக்கும்.

அடி அழுகினால் இரக்கம் வேண்டாம்

வெற்றிலையின் பெரிய எதிரி அடியழுகல். நேற்று வரை செழிப்பாக இருந்த கொடி இன்று இலை தொங்கி நிற்கும். மண்ணை ஒட்டிய தண்டைப் பார்த்தால் கறுத்து, மெத்தென்று, நாற்றம் அடிக்கும். ஈர மண்ணில் பெருகும் பூஞ்சணம் போன்ற நுண்ணுயிர்கள் இதற்குக் காரணம். இந்நிலையில் தண்ணீர் பற்றவில்லை போலும் என்று மேலும் ஊற்றுவதுதான் பலர் செய்வது. அது நெருப்பில் எண்ணெய் வார்ப்பது போல.

நோய் வந்த கொடியை வேரோடு எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அதே மண்ணில் மறு கொடி வைக்க வேண்டாம், சாடியைக் கழுவி வெயிலில் காய வைத்து, புது மண் நிரப்புங்கள். மிக முக்கியமாக, அந்தக் கொடியிலிருந்து துண்டு எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள். கைமாறும் கொடியோடு நோயும் கைமாறும். கத்தியையும் கழுவி வையுங்கள்.

தமிழ்நாட்டு விவசாயிகள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைப் பயன்படுத்துவது உண்டு. இரண்டொரு கொடி வைத்திருக்கும் வீட்டுக்கு அது தேவைப்படாது. பூசைக்கும் வாய்க்கும் போகும் இலையில் மருந்து அடிக்காமல் இருப்பதே உத்தமம். வடிகால், காற்றோட்டம், தரையைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிடுவது, இவை மூன்றும் நோயைப் பெருமளவு தள்ளி வைக்கும். மாவுப்பூச்சி தெரிந்தால் சோப்பு நீர் தோய்த்த துணியால் துடைத்துவிடுங்கள். எறும்பு வரிசை ஏறினால் அங்கே மாவுப்பூச்சி இருக்கிறது என்று பொருள். இரவில் நத்தை தளிரைத் தின்னும், டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்குவதே நல்ல வைத்தியம்.

பறிப்பதும் இறக்குவதும்

கொடி நான்கைந்து அடி ஏறியபின் பறிக்கத் தொடங்கலாம். அதற்கு ஆறு மாதம் வரை ஆகும். கீழிருந்து முற்றிய இலைகளைக் காம்போடு கிள்ளுங்கள். நுனியில் ஏழெட்டு இலையைத் தொடாதீர்கள், கொடி சாப்பிடுவது அந்த இலைகளால்தான். விசேஷ வீடு வருகிறது என்று ஒரே நாளில் மொட்டையடித்தால் மீண்டு வர மாதங்கள் ஆகும்.

ஓராண்டு கழித்துக் கொடி கைக்கு எட்டாத உயரம் போய்விடும், கீழே இலை இல்லாமல் தண்டு மட்டும் நிற்கும். அப்போது கொடிக்காலில் செய்யும் 'கொடி இறக்குதல்' நமக்கும் கைகொடுக்கும். கட்டுகளை அவிழ்த்து, கொடியை முறியாமல் மெதுவாக இறக்கி, இலை இல்லாத அடித்தண்டை வேரருகே வளையமாகச் சுற்றி மண்ணால் மூடுங்கள். நுனிப் பகுதி இரண்டடி மட்டும் வெளியே நின்று மறுபடி ஏறட்டும். புதைந்த ஒவ்வொரு கணுவும் வேர் விடும். கிழக்கொடி மறுபடியும் இளங்கொடி ஆகும். மழை சற்றுத் தணிந்த நாட்களில் இதைச் செய்வது நல்லது.

தட்டில் இருக்கட்டும்

வெற்றிலை வளர்க்கச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். தோட்டப்புறத்தில் நம் பாட்டிமார் பலருக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த சுருள்தான் களைப்புக்கும் பசிக்கும் துணை. அதன் விலை பின்னால்தான் தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 1985-இல் புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சுருளைப் புற்றுநோய்க் காரணி என்றது. 2003-இல் கூடிய அதன் நிபுணர் குழு, புகையிலை இல்லாத சுருளையும் பாக்கையும்கூட அதே பட்டியலில் சேர்த்தது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே, குறிப்பாகப் பெண்களிடையே அதிகம் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வரும் செய்தி.

வீட்டில் பெரியவர்கள் இன்னும் பாக்கு போடுகிறார்கள் என்றால், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். கொடியை வளர்ப்பதற்கும் பாக்கை மெல்லுவதற்கும் கட்டாய உறவு எதுவும் இல்லை. தட்டில் வெற்றிலைக்கு உள்ள மரியாதை, வாய்ப் பழக்கம் நின்றாலும் குறையாது.

ஒரு தாமானுக்குப் பத்துக் கொடி

மலாய்க்காரர்களிடம் 'வெற்றிலை தன் காம்புக்கே திரும்பியது போல' என்று ஒரு பழமொழி உண்டு. உரிய இடத்துக்கு ஒன்று திரும்பி வந்து சேர்வதை அப்படிச் சொல்வார்கள். தோட்டம் போய்விட்டது, லயமும் போய்விட்டது. அவற்றைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. ஆனால் ஒரு கறுப்பு வலை, ஒரு நார் சுற்றிய கம்பு, ஒரு சாடி மண், இரண்டு கைப்பிடி சருகு ஆகியவற்றால் அந்தப் பால்மர நிழலில் ஒரு முழத்தை வாசலில் உருவாக்கிவிடலாம்.

விதை இல்லாத செடி என்பதால் இதைப் பொட்டலம் கட்டி அலமாரியில் பத்திரப்படுத்த முடியாது. உயிரோடு வளர்த்தால்தான் உண்டு. உங்கள் கொடி நன்றாக ஏறிவிட்டதா? நோயில்லாத தண்டில் நான்கு துண்டு வெட்டிப் பொலிபேக்கில் வையுங்கள். ஒன்று பக்கத்து வீட்டுக்கு, ஒன்று கல்யாணம் ஆகிப் போன மகளுக்கு, ஒன்று கோயிலுக்கு, ஒன்று உங்களுக்கே காப்பாக. புந்தோங்கில் ஒரு வீட்டில் பட்டுப் போனாலும் சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டில் அதே கொடி இருக்கும். அங்கிருந்து ஒரு துண்டு மறுபடி வந்து சேரும்.